கடலில் மிதக்கும் எச்சம், எதிரெதிராய் நகரும் இரண்டு ஹார்மோன்கள்: சாலிஷ் கடல் ஓர்காக்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் நடுவே கிடக்கிறது சாலிஷ் கடல். கோடையில் அங்கே வரும் ‘தென்பகுதி வாழ் ஓர்காக்கள்’ (ஓர்கா என்பது கொலைத் திமிங்கிலம்) ஜே, கே, எல் என்ற மூன்று கூட்டங்களைச் சேர்ந்தவை. 1995-இல் 98 ஆக இருந்த இவற்றின் எண்ணிக்கை 2001-இல் 80 அளவுக்கு இறங்கியது. 2005-இல் அமெரிக்க அரசு இவற்றை அழியும் ஆபத்தில் உள்ளவை என்று பட்டியலிட்டது. கனடா அதற்கு முன்பே அந்த முடிவுக்கு வந்திருந்தது.

காரணமாக மூன்று சந்தேகங்கள் முன்வைக்கப்பட்டன. முதலாவது, இவற்றின் முக்கிய இரையான சினூக் சால்மன் மீன் குறைந்துவிட்டது. இரண்டாவது, வேடிக்கை பார்க்கும் படகுகள் மொய்த்து இவற்றை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. மூன்றாவது, பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் போன்ற நச்சுகள் கொழுப்பில் சேர்ந்து உள்ளிருந்து கெடுக்கின்றன. மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் பணமும் சட்டமும் எதை நோக்கி முதலில் போக வேண்டும் என்பது, இம்மூன்றில் எது அதிகம் வதைக்கிறது என்பதைப் பொறுத்தது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சென்டர் ஃபார் கன்சர்வேஷன் பயாலஜியில் சாமுவேல் வாஸர் குழு இந்தக் கேள்வியைத் திமிங்கிலங்களின் எச்சத்திலிருந்து, அதாவது மலத்திலிருந்து அணுகியது.

ஏன் எச்சம்? டன் கணக்கில் எடையுள்ள காட்டுத் திமிங்கிலத்திடம் ரத்தம் எடுக்க வழியில்லை. இருந்தாலும் பயனில்லை. துரத்திப் பிடித்த சில நிமிடங்களிலேயே அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறிவிடும், பிறகு அளப்பது பிடிபட்ட பயத்தைத்தான். எச்சத்தில் இருப்பது பல மணி நேரச் சுரப்பின் திரட்டு. கல்லீரல் சிதைத்து, பித்தத்தோடு குடலுக்கு அனுப்பி, குடல் நுண்ணுயிர்கள் மேலும் மாற்றிய சிதைபொருள்கள் அதில் இருக்கும். ஒரு கணத்துப் பதற்றம் அதில் கரைந்துபோகும், நாள்பட்ட நிலைமை தங்கும்.

ஒரே ஹார்மோன் போதாது

மன உளைச்சல் என்றாலே கார்டிசால், அதாவது குளுகோகார்டிகாய்டு வகை, என்று பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்த வழக்கில் அது எதையும் தீர்க்காது. பசித்தாலும் குளுகோகார்டிகாய்டு ஏறும், ஏனென்றால் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. படகு துரத்தினாலும் ஏறும். ஏறியிருக்கிறது என்று கண்டுபிடித்தால் ‘ஏதோ சரியில்லை’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அதுதான் எல்லோருக்கும் முன்பே தெரியுமே.

அதனால்தான் தைராய்டு ஹார்மோனான டி3 சேர்க்கப்பட்டது. நீண்ட நாள் உணவு குறையும்போது உடல் எரிப்பு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது டி3 இறங்கும். படகுத் தொல்லை போன்ற மன அழுத்தத்துக்கு டி3 அசைவதில்லை. எனவே:

குளுகோகார்டிகாய்டு ஏறி டி3 இறங்கினால் பசி. குளுகோகார்டிகாய்டு ஏறி டி3 அப்படியே இருந்தால் தொல்லை. இரண்டு ஹார்மோன்களின் வேகமும் வேறு: குளுகோகார்டிகாய்டு சில நாள் இரை நிலவரத்துக்கே பதில் சொல்லும், டி3 வாரங்கள், மாதங்கள் கணக்கில் மெதுவாக நகரும். இந்த வேக வித்தியாசம் பின்னால் எதிர்பாராத வகையில் உதவியது.

கடலில் சாம்பிள் எடுப்பது

ஓர்கா எச்சம் சிறு துணுக்குகளாகவும் சளிபோலவும் மேற்பரப்பில் கொஞ்ச நேரம் மிதக்கும், பிறகு கலைந்து முங்கிவிடும். கண்ணால் தேடினால் திமிங்கிலங்களின் பின்னால் நெருக்கமாக ஒட்டிப் போக வேண்டும். படகுத் தொல்லையை அளக்கப் போனவர்களே தொல்லையாகிவிடுவார்கள். இதற்கு வாஸர் குழு மோப்ப நாயைப் படகின் முனையில் நிறுத்தியது. டக்கர் என்ற கறுப்பு லேப்ரடார் கலப்பு நாய் இதில் பேர்பெற்றது. ஒரு கடல் மைல் தொலைவிலிருந்தும் வாசனை பிடித்த இந்த நாய்க்குத் தண்ணீரில் இறங்கவே பிடிக்காது.

முறை இதுதான். திமிங்கிலங்கள் கடந்துபோன தடத்துக்குக் காற்றின் கீழ்ப்பக்கமாகப் படகை நிறுத்தி, காற்றுக்குக் குறுக்காக மெதுவாக ஓட்ட வேண்டும். எச்சத்திலிருந்து வாசனை விசிறிபோல் விரிந்து வரும். படகு அந்த விசிறிக்குள் நுழைந்ததும் நாயின் உடல்மொழி மாறும், தலை திரும்பும், முனையில் ஒரு பக்கமாகச் சாயும். நாயைப் பழக்கியவர் அதைப் பார்த்துக் கையால் திசை காட்ட, ஓட்டுநர் படகைக் காற்றை எதிர்த்துத் திருப்புவார். நாய் திடீரென்று ஆர்வம் இழந்தால் விசிறியின் விளிம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள், உடனே மறுபக்கம் திரும்ப வேண்டும். நாய்க்குத் தண்ணீரில் குதிக்கும் வேலை கிடையாது. எச்சம் கிடைத்ததும் பந்து கிடைக்கும், அதுவே அதன் சம்பளம்.

கிடைத்த துணுக்குகளை வலையாலோ கோப்பையாலோ அள்ளி டியூபில் போடுவார்கள். ஒரே எச்சத்தின் பல துணுக்குகளையும் சேர்த்து எடுத்து, பின்னர் நன்றாகக் கலக்க வேண்டும், ஏனென்றால் எச்சத்துக்குள் ஹார்மோன் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு துணுக்கை மட்டும் எடுத்தால் அந்தத் துணுக்கின் எண்தான் கிடைக்கும்.

அள்ளிய கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். எச்சத்தில் உள்ள நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கின்றன. அவற்றின் நொதிகள், ஹார்மோனோடு ஒட்டியிருக்கும் குளுக்குரோனைடு போன்ற வால்களை வெட்டும், மூலக்கூறை மேலும் மாற்றும். இதனால் அளவு எப்போதும் இறங்கும் என்று நினைப்பது தவறு. வெட்டப்பட்ட வடிவம், அளவீட்டில் ஹார்மோனைப் பிடிக்கப் பயன்படும் ஆன்ட்டிபாடிக்கு இன்னும் பிடித்ததாக இருந்தால் எண் ஏறும். ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத பிழையைக் கணக்கில் சரிசெய்யவும் முடியாது. ஆகவே படகிலேயே குளிரில் வைத்து, அன்றைக்கே உறைய வைப்பதுதான் ஒரே வழி. பிறகு மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே. உறைந்ததை உருக்கி மறுபடி உறைய வைப்பது, பாதி சாம்பிளை ஆல்கஹாலிலும் மீதியை வெறுமனேயும் வைப்பது இரண்டும் ஆகாது. எந்த முறையானாலும் ஒரு ஆய்வு முழுக்க ஒரே முறையாக இருக்க வேண்டும்.

உப்பு செய்யும் கணக்கு

நிலத்து விலங்குகளில் வராத ஒரு தொல்லை இங்கே உண்டு. ஹார்மோன் அளவை ‘உலர்ந்த எச்சம் ஒரு கிராமுக்கு இத்தனை நானோகிராம்’ என்று சொல்கிறோம். ஈரத்தோடு எடை போட்டால் ஒவ்வொரு சாம்பிளிலும் தண்ணீர் வேறுபட்டு எண்கள் ஒப்பிட முடியாமல் போகும் என்பதால்தான் உறைநிலையிலேயே நீரை ஆவியாக்கும் ஃப்ரீஸ் டிரையரில் உலர்த்துகிறார்கள். ஆனால் தண்ணீர் போனாலும் உப்பு போகாதே.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. 0.1 கிராம் உலர் எச்சம் தரக்கூடிய துணுக்கோடு 1 மில்லிலிட்டர் கடல்நீர் டியூபில் தங்கிவிட்டால், உலர்த்தியபின் 0.035 கிராம் உப்பும் சேர்ந்து 0.135 கிராம் பொடி கிடைக்கும். அதாவது பொடியில் கால் பங்குக்கு மேல் உப்பு. அதிலிருந்து 0.1 கிராம் நிறுத்தெடுத்தால் உண்மையில் எச்சம் இருப்பது 0.074 கிராம்தான். ஹார்மோன் அளவு 26 சதவீதம் குறைவாகத் தெரியும். கண்ணுக்குப் பொடி ஒன்றுபோலவே இருக்கும், தராசும் பொய் சொல்லாது.

இதற்காகத்தான் உலர்த்துமுன் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, அடியில் எச்சம் படிந்தபின் மேலே நிற்கும் கடல்நீரை வடித்துவிட வேண்டும். குளுகோகார்டிகாய்டு போன்ற ஸ்டீராய்டுகள் நீரில் அதிகம் கரையாதவை, பெரும்பகுதி திடப்பொருளோடே நிற்கும். நீரில் கரையும் வால் ஒட்டிய சிதைபொருள்கள் கொஞ்சம் கழுவப்பட்டுப் போகும், அதைத் தவிர்க்க முடியாது. நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பு முழுக்கப் போய்விடுமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கரையும் பங்கும் சேர்ந்து போகும், அதுவும் சாம்பிளுக்குச் சாம்பிள் வேறு அளவில்.

இந்த இடத்தில் இரண்டு ஹார்மோன் அளப்பதன் இன்னொரு லாபம் தெரியும். டி3-ஐயும் குளுகோகார்டிகாய்டையும் ஒரே சாற்றிலிருந்து அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், இரண்டுக்கும் பொதுவான எடை அடிபட்டுப் போகும். உப்பு எவ்வளவு இருந்தாலும் விகிதம் மாறாது. விகிதத்துக்கும் ஒரு குறை உண்டு: மேலே உள்ளது இறங்கியதா கீழே உள்ளது ஏறியதா என்று அது சொல்லாது. அதனால் தனித்தனி எண்களையும் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

சாறு எடுப்பதும் அளப்பதும்

உலர்ந்ததை இடித்துச் சலித்து, மீன் முள், செதில் துண்டுகளை நீக்கிப் பொடியை நன்றாகக் கலப்பார்கள். டி3-க்காக இந்த ஆய்வகம் வகுத்த முறையில் ஏறத்தாழ 0.1 கிராம் பொடியுடன் 70 சதவீத எத்தனால் 15 மில்லிலிட்டர் சேர்த்து, வோர்டெக்ஸில் அரை மணி நேரம் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, மேலே நிற்கும் சாற்றை எடுக்கிறார்கள். அதே பொடியில் இன்னொரு முறை எடுத்த சாறும் இதோடு சேரும். ஏன் தூய எத்தனால் இல்லை? வால் ஒட்டிய சிதைபொருள்கள் வெளியே வரக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், வால் இல்லாதவற்றுக்கு ஆல்கஹால் வேண்டும்.

பொடி மிகக் குறைவாக இருக்கும் சாம்பிள்கள் தனி ஆபத்து. 0.02 கிராமுக்கும் கீழே போனால் ‘கிராமுக்கு இத்தனை’ என்ற எண் செயற்கையாக மேலே ஏறும் போக்கு பல விலங்குகளில் தெரிந்த ஒன்று. சிறிய எடைக்கு அதே அளவு கரைப்பான் போகும்போது பிரித்தெடுப்பு இன்னும் முழுமையாகிறது, தராசின் பிழையும் பெரிதாகிறது. குறைந்தபட்ச எடை ஒன்றை முன்கூட்டியே நிர்ணயித்து, அதற்குக் கீழே உள்ளதை மனசாட்சியில்லாமல் தள்ளிவிட வேண்டும். எவ்வளவு பாடுபட்டுப் பிடித்த சாம்பிளாக இருந்தாலும்.

அளவீடு கதிரியக்க முறை. அயோடின்-125 ஏற்றிய ஹார்மோனும் சாம்பிளில் உள்ள ஹார்மோனும் ஆன்ட்டிபாடியில் இடம் பிடிக்கப் போட்டியிடும். சாம்பிளில் ஹார்மோன் அதிகமானால் கதிரியக்க எண்ணிக்கை குறையும், தலைகீழ் உறவு. அயோடின்-125-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 60 நாள் என்பதால், அளவீட்டுக்கான பொருள்கள் அடங்கிய கிட்டை வாங்கி அடுக்கி வைக்க முடியாது. சாம்பிள்களைத் திரட்டி வைத்துக்கொண்டு கிட் வந்ததும் ஒரே மூச்சில் ஓட்டுவதே வழக்கம்.

குளுகோகார்டிகாய்டுக்கு எந்த ஆன்ட்டிபாடி என்பதில் பலர் சறுக்குகிறார்கள். ஓர்காவின் ரத்தத்தில் ஓடுவது கார்டிசால், ஆகவே கார்டிசால் கிட் வாங்குவோம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எச்சத்தில் மாறாத கார்டிசால் அநேகமாக இருக்காது. சிதைபொருள்களையும் பரவலாகப் பிடிக்கும் ஆன்ட்டிபாடி வேண்டும். பல பாலூட்டிகளிலும் பறவைகளிலும், கார்டிசாலைப் போன்ற இன்னொரு ஹார்மோனான கார்டிகோஸ்டிரோனுக்கான ஆன்ட்டிபாடி அந்த வேலையைச் செய்கிறது என்று வாஸரின் ஆய்வகம் 2000-இல் வெளியிட்டது. தன் பெயரிலுள்ள ஹார்மோனை மட்டும் பிடிக்கும் ‘மிகத் துல்லியமான’ கிட் இங்கே வெறும் பூஜ்யத்தைத்தான் காட்டும்.

கிட் வேலை செய்கிறதா என்பதற்கு இரண்டு சோதனைகள் கட்டாயம். பல சாற்றைக் கலந்து ஒன்றாக்கி, பாதி, கால், அரைக்கால் என்று நீர்த்துக்கொண்டே போய் வரையும் கோடு, தெரிந்த அளவு ஹார்மோனை வைத்து வரைந்த ஸ்டாண்டர்டு கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். இணையாக இல்லையென்றால் ஆன்ட்டிபாடி பிடிப்பது வேறு எதையோ. இரண்டாவது, தெரிந்த அளவு ஹார்மோனைச் சாற்றில் சேர்த்து அளந்தால் சேர்த்த அளவே திரும்ப வர வேண்டும். குறைந்தால் எச்சத்தின் கொழுப்போ நிறமியோ குறுக்கிடுகிறது, இன்னும் நீர்க்க வேண்டும். சாம்பிள்கள் ஸ்டாண்டர்டு கோட்டின் செங்குத்தான நடுப்பகுதியில், ஆன்ட்டிபாடியோடு கதிரியக்க ஹார்மோனின் பிணைப்பு 20 முதல் 80 சதவீதத்துக்குள், விழும்படி நீர்ப்பை அமைப்பார்கள். ஓரங்களில் கோடு தட்டையாவதால் எண்ணிக்கையில் சின்ன வித்தியாசம்கூட அளவில் பெரிய வித்தியாசமாகிவிடும். ஒவ்வொன்றும் இரட்டையாக ஓடும். இரட்டைகளுக்குள் வேறுபாடு 10 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி ஓட்ட வேண்டும். ஒரே கட்டுப்பாட்டுச் சாம்பிள் எல்லா ஓட்டத்திலும் போகும், அது ஓட்டத்துக்கு ஓட்டம் 15 சதவீதத்துக்கு மேல் ஆடினால் அந்த ஓட்டத்தையே நம்பக் கூடாது.

எண்ணிலிருந்து விடைக்கு வரும் கணக்கை ஒரு முறை பார்த்துவிடலாம். இந்த எண்கள் விளக்கத்துக்கானவை. 20 மடங்கு நீர்த்த சாறு மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் காட்டினால், நீர்க்காத சாற்றில் 10 நானோகிராம். மொத்தச் சாறு 15 மில்லிலிட்டர் என்றால் 150 நானோகிராம். 0.1 கிராம் பொடி என்பதால் கிராமுக்கு 1,500. அந்தப் பொடி மேலே சொன்ன உப்புக் கலந்த பொடியாக இருந்திருந்தால் உண்மையான எண் 2,000-க்குச் சற்று மேல். இரண்டு முறை சாறு எடுத்துச் சேர்த்தும் 15 என்றே பெருக்கிவிடுவது புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, எல்லா எண்ணும் பாதியாகிவிடும்.

யாருடைய எச்சம் என்பதும் தெரிய வேண்டும். குடல் சுவரிலிருந்து உதிர்ந்த செல்களின் டிஎன்ஏ அதே சாம்பிளில் இருக்கிறது. அதிலிருந்து ஆணா பெண்ணா, எந்தத் திமிங்கிலம் என்பது வரும். டிஎன்ஏவின் ஒரே இடத்தில் மூன்று மரபு வடிவங்கள் தெரிந்தால் இரண்டு திமிங்கிலங்களின் எச்சம் கலந்திருக்கிறது, அந்தச் சாம்பிள் போயிற்று. 1976 முதல் ஒவ்வொரு ஓர்காவும் முதுகுத் துடுப்பையும் அதன் பின்னால் சேணம்போல் இருக்கும் வெளிர் திட்டையும் கொண்டு புகைப்படத்தில் அடையாளம் வைக்கப்பட்டிருப்பதால், வயதும் தாய்வழியும் கூடவே கிடைத்துவிடுகின்றன. இப்படி ஒரு காட்டு விலங்குக் கூட்டம் ஆய்வகத்துக்கு வாய்ப்பது அபூர்வம்.

2012: படகா, பசியா?

கேத்ரின் ஏர்ஸ், வாஸர் உள்ளிட்டோர் 2012-இல் வெளியிட்ட முடிவு இது. ஆகஸ்டு வாக்கில், சாலிஷ் கடலில் கலக்கும் ஃப்ரேசர் ஆற்றுக்கு ஏறும் சினூக் உச்சத்தில் இருக்கும். வேடிக்கைப் படகுகளும் அப்போதுதான் உச்சம். படகே முதன்மைக் காரணம் என்றால் அந்த வாரங்களில் குளுகோகார்டிகாய்டு மேலே இருக்க வேண்டும். சாம்பிள் எடுத்த மாதங்களிலேயே மிகத் தாழ்ந்த மட்டத்தில் அது இருந்தது. இரை கூடக் கூட அது இறங்கியது, குறையக் குறைய ஏறியது.

சால்மன் உடலிலும் கார்டிசாலும் டி3-யும் உண்டே, தின்ற மீனின் ஹார்மோனையே அளந்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மீன் அதிகம் தின்ற மாதத்தில் குளுகோகார்டிகாய்டு குறைந்திருக்கிறது. இரையின் ஹார்மோன் கலந்திருந்தால் படம் தலைகீழாக இருந்திருக்கும்.

டி3-யின் கதை வேறு. திமிங்கிலங்கள் வசந்தத்தின் பிற்பகுதியில் சாலிஷ் கடலுக்குள் வரும்போதே அது உயர்ந்திருந்தது. ஃப்ரேசர் மீன் இன்னும் வந்திருக்கவில்லை. வரும் முன்பே எங்கோ நன்றாகத் தின்றிருக்கின்றன. வசந்தத் தொடக்கத்தில் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில் கூடும் கொழுத்த சினூக்கை நோக்கி அது விரல் நீட்டியது. டி3 மெதுவாக நகர்வதால், யாரும் சாம்பிள் எடுக்காத மாதங்களின் நினைவு அதில் தங்கியிருந்தது.

படகுகள் நிரபராதி என்று இதிலிருந்து தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இரையின் உச்சமும் படகின் உச்சமும் ஒரே நேரத்தில் வருவதால், பசியின் விளைவு படகின் விளைவை மூழ்கடித்துவிட்டது என்பது வரைதான் தரவு பேசும். உடலில் ஒட்டும் பதிவுக் கருவிகளைக் கொண்டு பின்னாளில் செய்த ஆய்வுகளில், படகு நெருங்கும்போது இரைதேடும் முக்குளிப்பு குறைவது தெரிந்தது. பசித்தவனுக்குப் பக்கத்தில் சத்தம் போடுவது என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி.

2017: பிறக்காத குட்டிகளை எண்ணுதல்

ஓர்காவின் கர்ப்பம் 17 முதல் 18 மாதம். பிறந்த குட்டியைத்தான் படகிலிருந்து எண்ண முடியும், நடுவில் கலைந்ததை யாரும் பார்க்க மாட்டார்கள். 2018-இல் ஜே35 என்ற தாய் இறந்த குட்டியை 17 நாள் சுமந்தது உலகமே பார்த்த இழப்பு. பெரும்பாலானவை அப்படித் தெரிவதில்லை.

எச்சத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கர்ப்பத்தைக் காட்டும். ஆனால் கர்ப்பமில்லாமலேயே கருமுட்டை வெளியேற்றத்துக்குப் பின்னும், பொய்க் கர்ப்பத்திலும் அது ஓரளவு உயரும். டெஸ்டோஸ்டிரோன் கர்ப்பம் முதிரும்போது ஏறுவதால், இரண்டையும் சேர்த்துப் படித்தால் கர்ப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மதிப்பிடலாம். பிறகு காத்திருந்து, அந்தப் பெண் குட்டியோடு தென்படுகிறாளா என்று புகைப்படப் பட்டியலில் பார்க்க வேண்டும். சிறைப்பட்ட விலங்குபோல் ஊசி போட்டுச் சரிபார்க்க முடியாத இடத்தில் பிறந்த குட்டிதான் முறைக்கே சாட்சி.

2008 முதல் 2014 வரையிலான சாம்பிள்களைக் கொண்டு 2017-இல் வெளியான முடிவு: கண்டறிந்த கர்ப்பங்களில் 69 சதவீதம் வரை குட்டியாக நிலைக்கவில்லை. அவற்றில் 33 சதவீதம் வரை கர்ப்பத்தின் பிற்பகுதியிலோ பிறந்த உடனேயோ போனவை. ‘வரை’ என்ற சொல்லைப் பத்திரிகைச் செய்திகள் பெரும்பாலும் விழுங்கிவிட்டன. தொடக்கக் கட்டக் கர்ப்பம் என்று எண்ணப்பட்டவற்றில் சில வெறும் கருமுட்டை வெளியேற்றமாக இருந்திருக்கலாம், அதற்குத்தான் அந்தச் சொல். பிற்பகுதியில் போனவற்றுக்கு அந்தச் சந்தேகம் பொருந்தாது, தாய்க்கு அதிக விலை வைப்பவையும் அவையே. குட்டி நிலைக்காத பெண்களிடம் டி3-குளுகோகார்டிகாய்டு விகிதம் தாழ்ந்திருந்தது, அதாவது பசியின் முத்திரை.

நச்சு என்ற மூன்றாவது சந்தேகம் இதனால் விழுந்துவிடாது. பட்டினியில் உடல் கொழுப்பைக் கரைக்கும்போது அதில் பூட்டிக் கிடந்த பிசிபி ரத்தத்துக்கு வருகிறது. எந்தெந்தக் கர்ப்பத்தில் எவ்வளவு பங்கு எதனுடையது என்று பிரிக்க, அதே பெண்ணிடமிருந்து கர்ப்பம் முழுவதும் தொடர்ச்சியாகச் சாம்பிள் வேண்டும். கிடைப்பவையோ பெரும்பாலும் கோடை மாதங்களில், அமைதியான நீரில் எடுத்தவை. குளிர்காலத்தில் இவை திறந்த பசிபிக் கரையோரம் போய்விடுகின்றன. அங்கே அலை எச்சத்தைச் சில நிமிடங்களில் கலைத்துவிடும், காற்று விசிறியையும் சிதறடித்துவிடும், நாய்க்குப் படகின் முனையில் நிற்கவே இடம் கிடைக்காது.